வயல் வேலையில் கை போனால் நஷ்ட ஈடு யார் தருவது?

கதிரடிக்கும் இயந்திரம், பவர் டில்லர், விசைத்தெளிப்பான், மின்சாரத்தில் ஓடும் தீவனம் வெட்டும் கருவி ஆகியவை இன்று சிறு விவசாயியின் களத்துக்கும் வந்துவிட்டன. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் வாடகைக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். பத்து ஆள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஓர் ஆளின் கை சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை இயந்திரம் விற்றவரும் சொல்வதில்லை, வாடகைக்கு விட்டவரும் சொல்வதில்லை.

வழக்கமாக நடப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. காயம்பட்டவர் கையில் துண்டைச் சுற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். நிலத்துக்காரர் கையிலிருந்ததோ கடன் வாங்கியதோ ஐயாயிரம் பத்தாயிரம் செலவழிப்பார். ஒரு மாதம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகை பேசி முடிப்பார்கள். 'இனி இரு தரப்புக்கும் ஒன்றும் இல்லை' என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். விஷயம் முடிந்தது என்றே எல்லோரும் நினைப்பார்கள். சில சமயம் வருடம் திரும்புவதற்குள் நிலத்துக்காரர் வீட்டுக்கு நோட்டீஸ் வருகிறது. நோட்டீஸ் வராத வீடுகளில், விரல் போன மனிதர் களையெடுக்கும் வேலைக்கும் ஆகாமல், மனைவியின் கூலியில் குடும்பம் நடக்கிறது.

மில்லில் வேலை செய்பவருக்கு அடிபட்டால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. வயல் கூலிக்கு அந்த வசதி பொதுவாக இல்லை. ஆகவே நஷ்ட ஈட்டுச் சட்டமும் மில்லுக்கு மட்டுந்தான், வயலுக்கு இல்லை என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இது சரியல்ல. ஓர் ஏக்கர் வைத்திருப்பவரும் கூலிக்கு ஆள் விட்டால் அன்றைக்கு அவர் சட்டத்தின் கண்ணில் முதலாளிதான். அடுத்த நாள் அவரே பக்கத்து வயலுக்குக் கூலிக்குப் போனால் அன்றைக்கு அவர் தொழிலாளி. சிறு விவசாயி இந்த இரண்டு நிலையிலும் இருப்பவர் என்பதால் இந்தச் சட்டத்தை மற்ற யாரையும்விட அவர் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. எந்தெந்த வேலைக்கு இது பொருந்தும் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணையில் காலப்போக்கில் விவசாய வேலைகள் பலவும் சேர்ந்தன. டிராக்டர் முதலிய இயந்திரங்களைக் கொண்டு செய்யும் சாகுபடி, இயந்திர அறுவடையும் கதிரடிப்பும், பூச்சிமருந்து தெளிப்பதும் தூவுவதும், கிணறு வெட்டுவதும் ஆழப்படுத்துவதும், போர் போடுவது, பம்பு செட் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் ஆகிய எல்லாம் அதில் இருக்கின்றன. 2009-இல் இச்சட்டத்தைத் திருத்தி, பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டத்தின் சாரம் அட்டவணைகளோடு அதற்குள் போய்விட்டது. பெயர் மாறினாலும் நிலத்துக்காரரின் பொறுப்பு மாறவில்லை.

'ஒரு நாள் கூலிக்கு வந்த ஆள்தானே, நிரந்தர வேலையாள் இல்லையே' என்று சிலர் கேட்பார்கள். எப்போதாவது வேலைக்கு வருகிறவர்களை விலக்கி வைக்கும் ஒரு வரி பழைய சட்டத்தில் இருந்தது உண்மை. அதை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஒரே ஒரு நாள் வந்தவருக்கும் பொறுப்பு உண்டு.

இன்னொன்று இன்னும் முக்கியம். விபத்து நிலத்துக்காரரின் தவறால் நடந்ததா என்பதை இந்தச் சட்டம் கேட்பதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் காயம் பட்டதா என்பது மட்டுமே கேள்வி. 'அவன் பார்த்துச் செய்திருக்க வேண்டும்' என்ற பதில் இங்கே செல்லாது. அசதியில் கை தவறுவது மனித இயல்பு என்பதை ஏற்றுக்கொண்டே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. குடித்திருந்ததால் நேர்ந்த விபத்து, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியைத் தெரிந்தே கழற்றிப் போட்டது ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கும் ஆள் இறந்துவிட்டாலோ, முழுவதும் நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ கிடையாது. அதுவும் அன்றி, இயந்திரத்தின் மூடியைக் கழற்றச் சொன்னது பெரும்பாலும் நிலத்துக்காரரே என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

தொகை எவ்வளவு?

கணக்கு கடினமானதல்ல. மாதக் கூலி, வயது, இழந்த உறுப்பு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெருக்கு எண்ணைச் சட்டம் கொடுத்திருக்கிறது. 30 வயதுக்கு 207.98. 40 வயதுக்கு 184.17. 50 வயதுக்கு 153.09. 60 வயதுக்கு 117.41. இறந்துபோனால் மாதக் கூலியில் பாதியை இந்த எண்ணால் பெருக்க வேண்டும். முழு முடக்கம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலிக்கு உச்சவரம்பு உண்டு. அது பழைய சட்டத்தின்கீழ் 2020 ஜனவரியில் ரூ. 15,000 என்று உயர்த்தப்பட்டது.

முப்பது வயதுள்ள ஒருவர், மாதம் ரூ. 10,000 கூலி பெறுபவர் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் இறந்துவிட்டால் ரூ. 5,000-ஐ 207.98-ஆல் பெருக்க ரூ. 10,39,900 வருகிறது. முழு முடக்கம் என்றால் ரூ. 12,47,880. கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டைவிரல் நீங்கலாக ஒரு கையின் நான்கு விரல்களும் போய்விட்டால் சட்டம் அதை 50 சதவீத இழப்பு என்கிறது. அப்போது ரூ. 6,23,940. கட்டைவிரல் மட்டும் போனால் 30 சதவீதம், அதாவது ரூ. 3,74,364. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம்.

விரலோ உயிரோ போகவில்லை, கால் முறிந்து மூன்று மாதம் படுத்துவிட்டார் என்றால் 15 நாளுக்கு ஒரு முறை மாதக் கூலியில் கால் பங்கு கொடுத்துவர வேண்டும். மேற்சொன்ன ஆளுக்கு அது ரூ. 2,500. இதற்கு மேல் சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் கொடுக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. இறந்தால் ஈமச் செலவுக்கு ரூ. 15,000-க்குக் குறையாமல் தனியே கொடுக்க வேண்டும்.

ஆறு லட்சம், பத்து லட்சம் என்றால் சிறு விவசாயிக்கு அது பல வருட நெல். காணியை விற்றாலும் சிலருக்குக் கட்டுப்படியாகாது. அதற்காகச் சட்டம் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. முப்பது வயதில் கையை இழந்தவர் இன்னும் முப்பது வருடம் பிழைக்க வேண்டும். அந்த முப்பது வருடக் கூலியில் ஒரு பகுதிதான் இது. கொடுக்க முடியாத ஒருவரின் தலையில் மொத்தப் பாரத்தையும் வைத்திருப்பதுதான் இதிலுள்ள குறை. அதற்கு வழி இன்ஷூரன்ஸ். அதைப் பின்னால் பார்ப்போம்.

வெள்ளைத் தாள் ஒப்பந்தம் செல்லுமா?

செல்லாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆள் இறந்துபோன விபத்தில் நஷ்ட ஈட்டுத் தொகையைக் குடும்பத்தார் கையில் நேரே கொடுப்பதைச் சட்டம் நஷ்ட ஈடாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நஷ்ட ஈட்டு அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவர் விதவைக்கு இவ்வளவு, குழந்தைகளுக்கு இவ்வளவு, வயதான தாய்க்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். அதுவரை குடும்பம் பட்டினி கிடக்க முடியாது என்பதால், மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் கொடுக்கலாம், அதைப் பின்னால் கழித்துக்கொள்ளலாம். ஊர்ப் பேச்சில் கொடுத்த இரண்டு லட்சம் அண்ணன் தம்பிகள் கைக்குப் போய், விதவை வழக்குப் போட்டால் நிலத்துக்காரர் மறுபடியும் முழுத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும். உயிர் பிழைத்தவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமும் அதிகாரியிடம் பதிவு செய்தால்தான் நிற்கும். தொகை மிகக் குறைவு என்று அவருக்குத் தோன்றினால் பதிவு செய்ய மறுத்துவிடவும் கூடும்.

ஊர்ப் பெரியவர்கள் பேசுவதில் தவறில்லை. பேசி முடித்ததைப் பதிவு செய்வதற்கு ஒரு நாள் செலவழிக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். பழைய சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையரே நஷ்ட ஈட்டு அதிகாரியாக இருந்துவந்தார். இப்போதும் முதலில் போய் விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகமே. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். கொடுக்க வேண்டிய தொகையை ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணம் இல்லையென்றால் தொகையில் பாதிவரை அபராதமும் சேரும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாலூகா நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்தால் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், ஊனமுற்றவர்களுக்கும் அங்கே வருமானக் கணக்குக் கேட்பதில்லை.

மேஸ்திரியும் வாடகை இயந்திரமும்

நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் இன்று மேஸ்திரி மூலமாகவே ஆள் வருகிறது. 'நான் மேஸ்திரிக்குத்தான் பணம் கொடுத்தேன், ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது. தன் தொழிலுக்காக வேலையைக் காண்டிராக்டு விட்டவர், அந்த ஆள்களுக்கும் நஷ்ட ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். மேஸ்திரியிடம் எதை வசூலிப்பது என்பது வேறு விஷயம்.

கரும்பு வெட்டில் கணவனும் மனைவியும் ஒரே கணக்கில் கூலி வாங்குவார்கள். நோட்டில் கணவன் பெயர் மட்டும் இருக்கும். அரிவாள் மனைவியின் காலில் பட்டால் அவர் அன்று வேலைக்கு வந்ததற்கே அத்தாட்சி இராது. ஆகவே கூலிக்கு ஆள் விடுகிற ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து, தேதி, ஆள் பெயர், வேலை, கூலி ஆகியவற்றை எழுதிவர வேண்டும். இது தொழிலாளிக்கு மட்டுமல்ல, நிலத்துக்காரருக்கும் காப்பு. நடக்காத விபத்துக்கு யாராவது நோட்டீஸ் அனுப்பினாலும் அந்த நோட்டுத்தான் சாட்சி.

அறுவடை இயந்திரம் வாடகைக்கு வந்தால் அதன் டிரைவருக்கு முதல் பொறுப்பு இயந்திரச் சொந்தக்காரருடையது. கதிர் எடுத்துக் கொடுக்க நீங்கள் விட்ட ஆளுக்குப் பொறுப்பு உங்களுடையது. இயந்திரம் களத்தில் இறங்குமுன் இன்ஷூரன்ஸ் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிராக்டர் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மட்கார்டில் உட்கார்ந்து போனவர் விழுந்து இறந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க மறுக்கும். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு மட்டுமே இருக்கை உள்ள வண்டி என்பது அதன் வாதம். பல வழக்குகளில் நீதிமன்றங்களும் அதை ஏற்றிருக்கின்றன. அப்போது முழுப் பாரமும் சொந்தக்காரர் மேல் விழுகிறது. டிரெய்லருக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நடவு ஆள்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதை அடியோடு நிறுத்துவதே நல்லது.

கதிரடிக்கும் இயந்திரத்தால் வரும் ஊனம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் கோதுமை கதிரடிக்கும் இயந்திரங்கள் பெருகியபோது கை இழந்தவர்களும் பெருகினார்கள். அதன் விளைவாகவே பாராளுமன்றம் 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. கதிர் ஊட்டும் வாய் குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் உட்பக்கம் 45 செ.மீ. மேலே மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மனிதக் கை உருளைவரை எட்டக்கூடாது என்பதற்காகவே இந்த அளவு. பட்டறையில் செய்து விற்கும் மலிவான இயந்திரங்களில் இந்த வாய் குட்டையாக இருப்பதைப் பார்க்கலாம். வாடகைக்கு எடுக்குமுன் ஒரு முழக்கோலை வைத்து அளந்து பார்க்க அரை நிமிடம் போதும். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லையென்றால் பெண்களை அந்தப் பக்கமே நிற்க விடக்கூடாது. சேலைத் தலைப்பும் கூந்தலும் அதில் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்த ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதல் ஒரு மணி நேரம்

நஷ்ட ஈடு பின்னால் வருவது. காயம்பட்டவர் எவ்வளவு தேறுவார் என்பது முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும். இரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், சாணி எதையும் அப்பக்கூடாது.

துண்டான விரலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஈரப்படுத்திய சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட பாத்திரத்தில் வைத்து, ஆளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. பட்டால் சதை கெட்டுப்போகும். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே புகழ்பெற்ற தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். சின்ன கிளினிக்கில் தையல் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் போவதில் பலன் இல்லை.

மருந்து அடித்தவர் தலைசுற்றி, எச்சில் ஒழுகி, கண் பாப்பா சுருங்கி விழுந்தால் அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, நனைந்த துணிகளைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். பாலும் எண்ணெயும் கொடுக்கக் கூடாது. மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போவது மிக அவசியம். மாற்று மருந்து எது என்று லேபிளிலேயே அச்சடித்திருக்கும். எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் இருட்டில் தடவ நேர்ந்தால் நேரம் போய்விடும். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் விவசாயிகளும் உண்டு, கூலிக்குப் போனவர்களும் உண்டு.

கிணற்றில் இறங்கியவர் மயங்கிவிட்டால் அவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதும், அவரைத் தொடர்ந்து மூன்றாமவர் இறங்குவதும் அடிக்கடி நடக்கும் கொடுமை. கயிறு கட்டாமல் யாரும் இறங்கக்கூடாது. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் கீழே பிராணவாயு இல்லை என்று பொருள். ஆனால் கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் விஷப்புகை விளக்கை அணைக்காது. விளக்கு எரிகிறதே என்று நம்பி இறங்கக்கூடாது. பாம்புக் கடிக்குக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

ஆஸ்பத்திரியில் ஒரு விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். போலீஸ் வரும் என்ற பயத்தில், 'வீட்டில் வழுக்கி விழுந்தான்' என்று எழுதச் சொல்வது வழக்கமாகிவிட்டது. விபத்துப் பதிவேட்டில் அப்படி எழுதிவிட்டால் அதன் பின் தொழிலாளிக்கு நஷ்ட ஈடும் கிடைக்காது, நிலத்துக்காரரிடம் இன்ஷூரன்ஸ் இருந்தால் அதுவும் கிடைக்காது. எந்த வயலில், எந்த வேலையில், எந்த இயந்திரத்தில் அடிபட்டது என்பதை உள்ளபடியே சொல்ல வேண்டும். பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக் கடை பில், எக்ஸ்ரே ஆகிய அனைத்தையும் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்ந்த அன்றே காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நீண்ட கஷ்டம் ஆரம்பிக்கிறது. கட்டுப் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். டாக்டர் சொன்ன கைப்பயிற்சியை மாதக் கணக்கில் செய்ய வேண்டும். கை கால் இழந்தவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கிக்கொண்டால் செயற்கை அவயவம் முதலிய உதவிகளைக் கேட்கலாம். சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் செயற்கைக் கால் கை பொருத்துகிறார்கள். நிலத்துக்காரரும் ஓரளவு யோசிக்கலாம். நாற்றங்கால் காவல், நீர் பாய்ச்சுவது, விதை பொறுக்குவது போன்ற வேலைக்கு ஒரு கை போதும். அவரைத் திரும்பக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுப்பதால் பலமுறை வழக்கே வராமல் போயிருக்கிறது.

பணத்துக்கு வழி

நஷ்ட ஈட்டுப் பொறுப்பை ஏற்பதற்கென்றே பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பாலிசி உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்பட நான்கு அரசுக் கம்பெனிகளும் கொடுக்கின்றன. வருடத்தில் நீங்கள் கொடுக்கும் மொத்தக் கூலியையும் வேலையின் அபாயத்தையும் வைத்துப் பிரீமியம் கணக்கிடுவார்கள். தனி ஒருவர் போய்க் கேட்டால் ஏஜெண்டுகள் அக்கறை காட்டுவதில்லை என்ற புகார் நியாயமானதே. கதிரடிக்கும் இயந்திரமும் டிராக்டரும் வாடகைக்கு விடும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் இதைத் தங்கள் உறுப்பினர்களுக்காக மொத்தமாக எடுத்தால் காரியம் சுலபமாகும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கொடுக்கும்போதே பயிர் இன்ஷூரன்ஸுடன் ஆள் இன்ஷூரன்ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. பயிர் கெட்டால் அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். இதை அரசிடம் கேட்பதற்கு விவசாய சங்கங்கள் முன்வர வேண்டும்.

நஷ்ட ஈட்டுச் சட்டம் எட்டாதவர்களும் கிராமத்தில் உண்டு. நிலத்துக்காரர் தன் வயலில் தானே அடிபட்டால் கொடுப்பார் யாருமில்லை. அவர் மனைவி மக்கள் கதையும் அதுவே. கூலி வாங்காமல் இன்று உனக்கு, நாளை எனக்கு என்று மாறி மாறிச் செய்யும் வேலையிலும் இச்சட்டத்தின்கீழ் கேட்பது எளிதல்ல. இவர்களுக்காக இருப்பவற்றில் முதலாவது முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். 2011-இல் தொடங்கிய இதில் இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைவரை வைத்துத் தாமே சாகுபடி செய்வோரும், விவசாயக் கூலிகளும், 18 வயது முதல் 65 வயதுவரை உறுப்பினராகலாம். விபத்தில் இறந்தால் கிடைத்துவந்த ஒரு லட்ச ரூபாயை நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு இரண்டு லட்சமாக உயர்த்துவதாக 2025-ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்து உறுப்பினர் அட்டையை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 'கேர சுரக்ஷா' என்ற பெயரில் இன்ஷூரன்ஸ் நடத்துகிறது. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் வழக்கமாக ஏறும் ஆளுக்கு மீதித் தொகையைத் தாங்களே கட்டிவிடலாம். ஒரு வெட்டுக் கூலியில் ஒரு பங்குதான் ஆகும்.

எல்லோருக்கும் பொதுவானது பேங்க்கில் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. 2015-இல் வருடத்துக்கு ரூ. 12 என்று ஆரம்பித்து, 2022 ஜூன் முதல் ரூ. 20 ஆகியிருக்கிறது. 18 முதல் 70 வயதுவரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண் அல்லது இரண்டு கை கால் போனாலோ ரூ. 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் ரூ. 1 லட்சம். நிலத்துக்காரர், மனைவி, கூலியாள் யாராயிருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. விரல் மட்டும் போனால் இதில் கிடைக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றுக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தால் போதும். மனுவை 30 நாளுக்குள் பேங்க்கில் கொடுக்க வேண்டும்.

இதன் வருடம் ஜூன் 1-ஆம் தேதி ஆரம்பித்து மே 31-இல் முடிகிறது. பணத்தைக் கணக்கிலிருந்து பேங்க்கே எடுத்துக்கொள்ளும். அந்த நாளில் கணக்கில் இருபது ரூபாய் இல்லாவிட்டால் பாலிசி நின்றுபோகும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மே மாதக் கடைசியில் பாஸ் புத்தகத்தைக் கொண்டுபோய், உங்கள் கணக்கையும், படிக்கத் தெரியாத உங்கள் வேலையாள் கணக்கையும் சேர்த்து வரவு போட்டுப் பாருங்கள்.